ஆதம் (நபி)

இக்கட்டுரை இஸ்லாமிய மரபில் கூறப்படும் ஆதம் நபியைப் பற்றியது. யூத, கிறித்தவ மரபுகளின் பார்வையை அறிய ஆதாம் என்னும் கட்டுரையைப் பார்க்கவும்.

ஆதம் என்பவர் இஸ்லாமிய நம்பிக்கையின்படி இறைவனால் படைக்கப்பட்ட முதல் மனிதரும் முதல் நபியும் ஆவார். திருக்குர்ஆனில் பெயர் சுட்டிக் குறிப்பிடப்படும் இருபத்தைந்து நபிமார்களுள் இவர் முதலாமவர். முஸ்லிம்கள் இவர் பெயரைச் சொல்லும்போது "அவர் மீது சாந்தி உண்டாகுக" எனப் பொருள்படும் "அலைஹிஸ்ஸலாம்" என்ற தொடரைச் சேர்த்துச் சொல்வர். அச்சில் இது "(அலை)" எனச் சுருக்கி எழுதப்படும். "மனித குலத்தின் தந்தை" எனப் பொருள்படும் "அபுல் பஷர்" என்ற சிறப்புப் பெயரும் இவருக்கு உண்டு. தமிழக, இலங்கை முஸ்லிம்களிடையே "பாவா ஆதம்" என்ற வழக்கு பரவலாக உள்ளது.

பிற நபிமார்களின் வரலாறுகள் பெரும்பாலும் மேற்கு ஆசியாவில் நிகழ்ந்தனவாகவே சொல்லப்படுகின்றன. ஆதமின் வரலாறு இதற்கு விலக்கு. சுவனத்திலிருந்து அவர் இறங்கிய இடம் இலங்கையின் மலை என்றும், அவர் நடந்து கடந்த வழி பாக் நீரிணைக்குத் தெற்கேயுள்ள மணல்திட்டு என்றும், அவர் மைந்தர் இருவரின் கல்லறைகள் இராமேசுவரத்தில் உள்ளன என்றும் ஒரு நீண்ட மரபு உண்டு. ஆகவே தமிழ் பேசும் நிலத்துக்கு மிக அருகில் வரும் நபி வரலாறு இதுவே எனலாம். இம்மரபுக்குத் திருக்குர்ஆனில் நேரடி ஆதாரம் இல்லை என்பதையும் தொடக்கத்திலேயே குறிப்பிட வேண்டும். எது வேதத்தில் உள்ளது, எது பிற்கால அறிவிப்பு, எது உள்ளூர் வழக்கு என்பதைப் பிரித்துப் பார்த்தால் மட்டுமே இவ்வரலாற்றைத் தெளிவாக விளங்கிக்கொள்ள முடியும்.

திருக்குர்ஆனில்

ஆதமின் வரலாறு திருக்குர்ஆனில் ஒரே இடத்தில் தொடர்ச்சியாகச் சொல்லப்படவில்லை. அல்பகரா (2), அல்அஃராஃப் (7), அல்ஹிஜ்ர் (15), அல்இஸ்ரா (17), அல்கஹ்ஃப் (18), தாஹா (20), ஸாத் (38) ஆகிய அத்தியாயங்களில் பகுதி பகுதியாக வருகிறது. ஓர் இடத்தில் விடப்பட்டது மற்றோர் இடத்தில் கூறப்படுகிறது.

பூமியில் ஒரு "கலீஃபா"வை ஏற்படுத்தப் போவதாக இறைவன் வானவர்களிடம் அறிவிப்பதிலிருந்து அல்பகரா அத்தியாயத்தின் விவரிப்பு தொடங்குகிறது. இச்சொல்லைத் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் ஒரே விதமாகப் பெயர்க்கவில்லை. சிலர் "பிரதிநிதி" என்பர். சிலர் ஒருவர்பின் ஒருவராக வரும் "தலைமுறை" என்பர். குழப்பம் விளைவித்து இரத்தம் சிந்தும் ஒரு படைப்பு எதற்கு என வானவர்கள் வினவ, அவர்கள் அறியாததைத் தான் அறிவதாக இறைவன் விடையளிக்கிறான். பின்னர் ஆதமுக்குப் பொருள்களின் பெயர்கள் அனைத்தும் கற்பிக்கப்படுகின்றன. வானவர்களால் சொல்ல இயலாத அப்பெயர்களை ஆதம் எடுத்துரைக்கிறார். வலிமையோ வழிபாடோ அல்லாமல் கல்வியே இங்கு மனிதனின் முதல் தகுதியாகக் காட்டப்படுவது கவனிக்கத்தக்கது.

ஆதமுக்குச் சிரம்பணியுமாறு கட்டளையிடப்பட்டபோது வானவர் அனைவரும் பணிந்தனர். இப்லீஸ் மட்டும் மறுத்தான். தான் நெருப்பால் படைக்கப்பட்டவன், ஆதமோ களிமண்ணால் படைக்கப்பட்டவர், ஆகவே தானே உயர்ந்தவன் என்பது அவன் வாதம். இப்லீஸ் வானவர் இனத்தவனா என்ற ஐயம் பழங்காலத்திலிருந்தே உண்டு. அவன் ஜின் இனத்தவன் என அல்கஹ்ஃப் அத்தியாயம் (18:50) வெளிப்படையாகக் கூறுகிறது. விரட்டப்பட்ட இப்லீஸ் மறுமை நாள் வரை அவகாசம் கேட்டுப் பெறுகிறான்.

ஆதமும் அவர் துணைவியும் சுவனத்தில் குடியமர்த்தப்பட்டனர். குறிப்பிட்ட ஒரு மரத்தை மட்டும் நெருங்க வேண்டாம் என அவர்களுக்குச் சொல்லப்பட்டது. அது என்ன மரம் என்று திருக்குர்ஆன் கூறவில்லை. கோதுமை, திராட்சை, அத்தி என உரையாசிரியர்கள் பலவாறு ஊகித்துள்ளனர். துணைவியின் பெயரும் திருக்குர்ஆனில் இல்லை. "ஹவ்வா" என்ற பெயர் நபிமொழிகளிலேயே வருகிறது. சாத்தானின் தூண்டுதலால் இருவரும் அம்மரத்தின் கனியைச் சுவைத்தனர்.

இவ்விடத்தில் இஸ்லாமிய மரபு கிறித்தவ மரபிலிருந்து தெளிவாகப் பிரிகிறது. முதலில் தவறியவர் பெண், அவர் ஆணைத் தவறச் செய்தார் என்ற கருத்து திருக்குர்ஆனில் இல்லை. சாத்தான் இருவரையும் சறுகச் செய்தான் என்று அல்பகரா கூறுகிறது. தாஹா அத்தியாயம் ஆதமையே முன்னிறுத்திப் பேசுகிறது. இருவரும் மன்னிப்புக் கோரியதும் இறைவன் அதனை ஏற்றதும் உடனடியாகக் கூறப்படுகின்றன. எனவே பரம்பரையாகத் தொடரும் ஆதிபாவம் என்ற கோட்பாடு இஸ்லாத்தில் இல்லை. பூமிக்கு இறங்குதல் தண்டனை மட்டுமன்று என்பதும் பெரும்பாலான அறிஞர் கருத்தாகும். மனிதனைப் பூமிக்கெனப் படைக்கவிருப்பதாக இறைவன் முதலிலேயே அறிவித்திருந்தான் என்பதை அவர்கள் சுட்டுவர்.

ஆதம் தங்கியிருந்த தோட்டம் மறுமையில் வாக்களிக்கப்பட்ட சுவனமா, பூமியிலேயே இருந்த ஒரு சோலையா என்பதிலும் முற்கால அறிஞரிடையே கருத்து வேறுபாடு இருந்தது. பெரும்பான்மையோர் முதற் கருத்தை ஏற்றனர்.

ஆதமின் இரு மைந்தர்

அல்மாயிதா அத்தியாயத்தில் (5:27-31) ஆதமின் இரு மைந்தர்களின் வரலாறு வருகிறது. இருவரும் காணிக்கை செலுத்தினர். ஒருவருடையது ஏற்கப்பட்டது, மற்றவருடையது ஏற்கப்படவில்லை. பொறாமையால் அவன் தன் உடன்பிறந்தவரைக் கொன்றான். உயிரற்ற உடலை என்ன செய்வதென அறியாது நின்றவனுக்கு, நிலத்தைக் கிளறிய ஒரு காகம் அடக்கம் செய்யும் முறையைக் காட்டியது. அக்காகத்தைப் போலக்கூட இருக்க இயலவில்லையே என அவன் வருந்தினான். ஓர் உயிரை அநியாயமாகக் கொல்வது மனிதர் அனைவரையும் கொல்வது போன்றது என்ற புகழ்பெற்ற வசனம் இவ்வரலாற்றை அடுத்தே இடம்பெறுகிறது. ஹாபில், காபில் என்ற பெயர்கள் திருக்குர்ஆனில் இல்லை. மரபின் வழி வந்தவை.

நபிமொழிகளில்

ஆதம் வெள்ளிக்கிழமையன்று படைக்கப்பட்டார், அதே கிழமையில் சுவனத்தில் நுழைவிக்கப்பட்டார், அதே கிழமையில் வெளியேற்றப்பட்டார் என ஒரு நபிமொழி கூறுகிறது. பூமியின் பல பகுதிகளிலிருந்தும் எடுக்கப்பட்ட மண்ணால் அவர் படைக்கப்பட்டதால்தான் அவர் வழித்தோன்றல்கள் பல நிறத்தினராகவும் பல இயல்பினராகவும் உள்ளனர் என்கிறது மற்றொன்று. அவர் உயரம் அறுபது முழம் என்ற அறிவிப்பு புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் உள்ளது. பின்னால் வரும் கல்லறைகளின் நீளத்தையும் பாதச்சுவட்டின் அளவையும் விளங்கிக்கொள்ள இவ்வறிவிப்பை நினைவில் வைப்பது நல்லது.

மூஸா நபி ஆதமுடன் வாதிட்ட வரலாறு சுவையானது. மக்களைச் சுவனத்திலிருந்து வெளியேற்றியவர் நீர் அல்லவா என மூஸா கேட்கிறார். தான் படைக்கப்படுவதற்கு முன்பே விதிக்கப்பட்டுவிட்ட ஒன்றுக்காகத் தன்னைப் பழிக்கலாமா என ஆதம் திருப்பிக் கேட்கிறார். வாதத்தில் ஆதமே வென்றார் என நபிகள் நாயகம் கூறியதாக அறிவிப்பு முடிகிறது. விதி குறித்த இஸ்லாமிய இறையியல் விவாதங்களில் பல நூற்றாண்டுகளாக எடுத்தாளப்படும் அறிவிப்பு இது.

திர்மிதி தொகுப்பில் உள்ள மற்றோர் அறிவிப்பின்படி, தம் வழித்தோன்றல்கள் காட்டப்பட்டபோது தாவூது நபிக்கு அறுபது ஆண்டு ஆயுளே உள்ளதை அறிந்த ஆதம், தம் ஆயுளிலிருந்து நாற்பது ஆண்டுகளைக் கொடுத்தார். உயிரைக் கைப்பற்றும் வானவர் வந்தபோது, இன்னும் நாற்பது ஆண்டு எஞ்சியுள்ளதே என்றார். கொடுத்ததை அவர் மறந்திருந்தார். அவர் மறந்தார், அவர் மக்களும் மறக்கின்றனர் என்பது அறிவிப்பின் கருத்து.

மறுமை நாளில் பரிந்துரை வேண்டி மக்கள் முதலில் ஆதமிடமே செல்வர் என்றும், அவர் தம் தவறை நினைவுகூர்ந்து நூஹ் நபியிடம் அனுப்புவார் என்றும் நபிமொழி உண்டு. மிஃராஜ் பயணத்தில் முகம்மது நபி முதல் வானத்தில் சந்தித்தவரும் ஆதமே. மனிதர் அனைவரும் ஆதமின் மக்கள், ஆதமோ மண்ணால் ஆனவர், எனவே அரபியர் அல்லாதவரைவிட அரபியருக்குப் பிறப்பால் மேன்மை இல்லை என்ற கருத்து முகம்மது நபியின் போதனைகளில் முக்கியமானது. தமிழ்நாட்டில் இஸ்லாமியச் சொற்பொழிவுகளில் சாதி வேறுபாட்டுக்கு எதிராக மிகுதியாக எடுத்துக்காட்டப்படுவதும் இதுவே.

இறங்கிய இடம்

பூமியில் ஆதம் எங்கே இறங்கினார் என்று திருக்குர்ஆன் கூறவில்லை. ஆனால் முற்கால வரலாற்றாசிரியர் பலர் இதைப் பற்றி விரிவாக எழுதினர். அத்தபரி (கி.பி. 839-923) தம் பெரும் வரலாற்று நூலில் இவ்வறிவிப்புகளைத் திரட்டித் தந்துள்ளார். அவற்றின்படி ஆதம் ஹிந்த் நாட்டில் ஒரு மலைமேல் இறங்கினார். ஹவ்வா அரபு நாட்டின் ஜித்தாவில் இறங்கினார். ஆதம் அவரைத் தேடிச் சென்றார். இருவரும் ஒருவரையொருவர் அறிந்துகொண்ட இடம் அரஃபாத். சுவனத்திலிருந்து அவர் உடுத்தி வந்த இலைகள் உலர்ந்து உதிர்ந்ததாலேயே இந்தியாவில் நறுமணப் பொருள்கள் விளைகின்றன என்பதும் இவ்வறிவிப்புகளில் உண்டு. ஏலமும் இலவங்கமும் வாங்க இந்தியக் கரைக்கு வந்துபோன அரபு வணிகரின் கற்பனையில் இக்கதை இடம்பிடித்ததில் வியப்பில்லை. இந்தியாவிலிருந்து அவர் மக்காவுக்கு நடந்தே சென்றார் என்றும், அவர் அடிவைத்த இடங்கள் ஊர்களாயின, அடிகளுக்கு இடைப்பட்டவை பாலையாயின என்றும் கதை தொடர்கிறது.

அம்மலை ஸரந்தீப் எனப்படும் இலங்கையில் உள்ளது என்பதே பெருவழக்கு. கி.பி. 851 அளவில் தொகுக்கப்பட்ட அரபு வணிகர் குறிப்புகள் அதனை "அர்ரஹூன்" மலை எனக் குறிப்பிடுகின்றன. ஒரு பாதம் மலைமேல் பதிந்துள்ளது, மற்றொரு பாதம் கடலில் இருந்தது என்பது அக்குறிப்பு. 2,243 மீட்டர் உயரமுள்ள இம்மலையின் உச்சியிலுள்ள சுவட்டைப் பௌத்தர் புத்தரின் பாதமாகவும் (சிறீ பாத), சைவர் சிவபெருமானின் பாதமாகவும் (சிவனொளிபாதமலை), முஸ்லிம்கள் ஆதமின் பாதமாகவும் கொள்கின்றனர். கிறித்தவருள் சிலர் புனித தோமாவுடன் தொடர்புபடுத்துவர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இலங்கை பற்றி எழுதிய மார்க்கோ போலோ, அதனை முஸ்லிம்கள் ஆதமின் கல்லறை என்பர், பிறர் புத்தரின் நினைவிடம் என்பர் என இரு தரப்பையும் பதிவு செய்துள்ளார்.

மிக விரிவான நேரடிப் பதிவு மொரோக்கோப் பயணி இப்னு பதூதாவுடையது. 1344 ஆம் ஆண்டு மாலைத்தீவிலிருந்து வந்த அவர் புத்தளத்தில் கரையிறங்கினார். அங்கிருந்த ஆரியச் சக்கரவர்த்தி என்ன வேண்டும் எனக் கேட்டபோது, ஆதமின் பாதத்தைக் காண்பதைத் தவிர வேறு விருப்பமில்லை என்றார். மன்னர் அவருக்குப் பல்லக்கும், ஆண்டுதோறும் அப்பாதத்தை வழிபடச் செல்லும் நான்கு யோகிகளையும், மூன்று பிராமணரையும், பத்துப் பணியாளரையும், உணவு சுமக்கப் பதினைந்து பேரையும் தந்து அனுப்பினார். ஒரு முஸ்லிம் பயணி தம் நபியின் சுவட்டைக் காண யோகிகளும் பிராமணரும் வழிகாட்டினர் என்பது அக்காலச் சூழலை நன்கு காட்டுகிறது. மலைக்கு "பாபா வழி", "மாமா வழி" என இரு பாதைகள் இருந்தன. முன்னது ஆதமையும் பின்னது ஹவ்வாவையும் குறிக்கும். செங்குத்தான இடங்களில் பற்றி ஏற இரும்புச் சங்கிலிகள் பொருத்தப்பட்டிருந்தன. சுவட்டின் நீளம் பதினொரு சாண் என்றும், பெருவிரல் பகுதியைச் சீனர் முன்பே வெட்டி எடுத்துச் சென்றுவிட்டனர் என்றும் அவர் எழுதுகிறார்.

அங்கிருந்து மஅபர் எனப்பட்ட தமிழகக் கரை நோக்கிப் புறப்பட்ட அவருடைய மரக்கலம் ஆழமற்ற நீரில் சிக்கி உடைந்தது. இரவு முழுவதும் கலத்தின் பின்பகுதியில் அமர்ந்திருந்த அவரை மறுநாள் கரையிலிருந்த மக்கள் மீட்டனர். பின்னர் மதுரைச் சுல்தான் கியாசுத்தீனிடம் சென்று சேர்ந்தார்.

ஆதம் இந்தியாவில் இறங்கினார் என்ற மரபு இந்திய முஸ்லிம் அறிஞர்களுக்குப் பெருமிதம் அளித்தது. அமீர் குஸ்ரோ 1318 இல் இயற்றிய "நுஹ் சிபிஹ்ர்" நூலில் இந்தியா சுவனத்துக்கு நிகரானது என்பதற்கு இதனைச் சான்றாக்கினார். பதினெட்டாம் நூற்றாண்டில் ஆசாத் பில்கிராமி அரபு மொழியில் எழுதிய "சுப்ஹத்துல் மர்ஜான்" நூலில், முதல் நபி இறங்கிய நிலம் என்பதால் இறைச்செய்தி முதலில் வந்த நிலமும் இந்தியாவே என வாதிட்டார். இஸ்லாம் இந்தியாவுக்கு வெளியிலிருந்து வந்தது என்ற கூற்றுக்கு இது ஒரு மறுமொழியாகவும் அமைந்தது.

எல்லோரும் இதனை ஏற்கவில்லை. பதினான்காம் நூற்றாண்டு உரையாசிரியர் இப்னு கதீர், ஆதமும் மற்றோரும் இறங்கிய இடங்கள் பற்றிய செய்திகள் யூத, கிறித்தவக் கதைகளிலிருந்து புகுந்தவை (இஸ்ராயீலிய்யாத்) என்றும், அவ்விடங்களை அறிவதால் பயன் இருந்திருப்பின் இறைவனே குறிப்பிட்டிருப்பான் என்றும் எழுதினார். இன்றைய தமிழ் முஸ்லிம்களிடையேயும் இவ்விரு போக்குகளையும் காணலாம். தர்கா மரபினர் இவ்விடங்களைப் போற்றுகின்றனர். சீர்திருத்த இயக்கத்தினர் ஆதாரமற்றவை என மறுக்கின்றனர். ஆதம் நபி என்பதில் இரு சாராருக்கும் வேறுபாடு இல்லை.

பாக் நீரிணைப் பகுதி மரபுகள்

நாகப்பட்டினத்திலிருந்து தெற்கே வரும் சோழமண்டலக் கரை கோடியக்கரையில் மேற்காகத் திரும்புகிறது. இம்முனைதான் பாக் நீரிணையின் வடவாயில். நாகூர், நாகப்பட்டினம், தோப்புத்துறை ஆகிய ஊர்களின் மரைக்காயர் வணிகர் இலங்கையுடன் நெடுங்காலம் கடல்வணிகம் செய்துவந்தனர்.

கோடியக்கரைக் காட்டில், சரணாலயத்தின் மிக உயரமான மேட்டில், "இராமர் பாதம்" என்ற சிறு கோயில் உள்ளது. அங்கு நின்று இராமன் இலங்கையை நோக்கினான் என்பது ஊர் வழக்கு. கல்லில் பொறித்த இரு பாதங்கள் வணங்கப்படுகின்றன. நீரிணையின் இக்கரையில் ஒரு பாதமும் அக்கரைத் தீவின் மலையில் ஒரு பாதமும் இருப்பதை வைத்து இரண்டுக்கும் வரலாற்றுத் தொடர்பு கற்பிக்க இயலாது. எனினும் பாதச்சுவட்டை வணங்கும் பழக்கம் இப்பகுதியில் சமய எல்லைகளைக் கடந்தது என்பதற்கு இவை நல்ல எடுத்துக்காட்டுகள்.

நீரிணையின் தென் எல்லையில், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 48 கி.மீ. நீளத்துக்கு மணல்திட்டுகளின் தொடர் ஒன்று உள்ளது. இந்துக்கள் இதனை இராமர் சேது என்பர். ஐரோப்பியர் நிலப்படங்களில் இது "ஆதம் பாலம்" எனக் குறிக்கப்பட்டது. இலங்கையில் இறங்கிய ஆதம் இவ்வழியே நடந்து பெருநிலத்தை அடைந்தார் என்ற முஸ்லிம் வழக்கே இப்பெயருக்குக் காரணம். இது ஆங்கிலேயர் புனைந்த பெயர் என்று சிலர் கருதுவது முழு உண்மையன்று. பெயரை அச்சிட்டவர் ஐரோப்பியர், கதை அதற்கு முந்தையது. சேதுசமுத்திரக் கால்வாய்த் திட்டம் 2005 இல் தொடங்கப்பட்டு 2007 இல் பெரும் சர்ச்சையானபோது இரு பெயர்களும் நாளிதழ்களில் நாள்தோறும் இடம்பெற்றன.

இராமேசுவரத்தில் தொடர்வண்டி நிலையத்துக்கு அருகில் "ஆபில் காபில் தர்கா" உள்ளது. ஹாபில், காபில் ஆகியோருடையவை எனக் கருதப்படும் வழக்கத்துக்கு மாறாக நீண்ட இரு கல்லறைகள் இங்குள்ளன. கொல்லப்பட்டவரும் கொன்றவரும் அருகருகே அடங்கியிருப்பதாகக் கொண்டு இருவர் பெயராலும் ஒரு தர்கா அமைந்திருப்பது வேறெங்கும் எளிதில் காணமுடியாதது. வேதத்தில் காபில் இறுதியில் வருந்தியவனாகவே காட்டப்படுகிறான் என்பதை இங்கு நினைவுகூரலாம்.

மறைவு

ஆதம் ஆயிரம் ஆண்டு வாழ்ந்தார் என்றும், அவருக்குப் பின் மகன் ஷீத் பொறுப்பேற்றார் என்றும் மரபு கூறுகிறது. அடக்கத்தலம் குறித்து ஒருமித்த கருத்து இல்லை. மக்காவின் அபூ குபைஸ் மலை என்பர் சிலர். அவர் இறங்கிய இந்திய மலையே என்பர் சிலர். வெள்ளப் பெருக்குக்குப் பின் நூஹ் நபி அவருடலை ஜெரூசலத்தில் அடக்கம் செய்தார் என்பர் வேறு சிலர். ஹவ்வாவின் கல்லறை எனக் கருதப்பட்ட ஜித்தா நகர நினைவிடம் 1928 இல் இடிக்கப்பட்டது. 1975 இல் அவ்விடம் கான்கிரீட்டால் மூடப்பட்டது.

தற்கால விவாதங்கள்

படிமலர்ச்சிக் கோட்பாட்டுக்குப் பின் ஆதமின் படைப்பு வரலாற்றை எவ்வாறு புரிந்துகொள்வது என்பது முஸ்லிம் அறிஞரிடையே விவாதப் பொருளாயிற்று. பெரும்பாலோர் ஆதம் நேரடியாகப் படைக்கப்பட்டவர் என்பதில் உறுதியாக உள்ளனர். கவிஞரும் மெய்யியலாளருமான முகம்மது இக்பால், சமயச் சிந்தனையின் மீளமைப்பு குறித்த தம் சொற்பொழிவுகளில் (1930), திருக்குர்ஆனின் ஆதம் ஒரு தனி மனிதரைவிட மனிதன் என்னும் கருத்தையே குறிக்கிறார் என்றும், இறங்குதல் என்பது தன்னுணர்வு பெறுதலைக் குறிக்கும் என்றும் விளக்கினார். மரபுவழி அறிஞர் பலர் இதனை ஏற்கவில்லை.

தமிழ் இலக்கியத்தில்

முழுமையாகக் கிடைத்துள்ள தமிழ் இஸ்லாமிய நூல்களுள் பழமையானதாகக் கருதப்படும் "ஆயிர மசலா" (1572) வினா விடை வடிவில் அமைந்தது. வண்ணப் பரிமளப் புலவர் இயற்றிய இந்நூல் படைப்பைப் பற்றிய கேள்விகளையும் எடுத்துரைக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் உமறுப் புலவர் பாடிய சீறாப்புராணம் முகம்மது நபியின் வரலாறேயாயினும், விலாதத்துக் காண்டத்தின் தலைமுறைப் படலம் ஆதமிலிருந்தே தொடங்குகிறது. முகம்மது நபியின் ஒளி முதலில் ஆதமிடம் வைக்கப்பட்டு, தலைமுறை தலைமுறையாகக் கைமாறி அப்துல்லாவை வந்தடைந்தது என்ற சூபி மரபுக் கருத்தை இப்படலம் பின்பற்றுகிறது. தமிழ்க் காப்பிய மரபுக்கேற்ப நாட்டுப் படலமும் நகரப் படலமும் இதற்கு முன் வருகின்றன. எனவே சீறாப்புராணம் படிப்பவர் ஆதமைச் சந்திக்கும் முன் நெல்வயலும் மழைமேகமும் நிறைந்த தமிழ் நிலம் போன்ற ஓர் அரபு நாட்டைக் கடந்தே வருகிறார்.